தொட்டியைக் காலி செய்தால் போதுமா? குளிர்காலத்தில் டிராவல் டிரெய்லரின் தண்ணீர் அமைப்பு

கேள்வி இது: "ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய, ஏழு மீட்டர் நீளமுள்ள டிராவல் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறேன். குளிர்காலம் முழுவதும் அது திறந்தவெளியில்தான் நிற்கும்; இரவில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். நடுவில் ஓரிரு முறை அதை எடுத்துக்கொண்டு வெளியூர் போகும் எண்ணமும் உண்டு. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, குழாய்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டால் போதாதா?"

போதாது. நீங்கள் சொல்லும் இரண்டும் செய்யவேண்டியவைதான் என்றாலும், அவற்றைச் செய்து முடித்த பின்னரும் பம்பின் தலைப்பகுதியிலும், பைப்புகள் வளைந்து திரும்பும் இணைப்புகளிலும், வாட்டர் ஹீட்டரிலும், கழிப்பறையின் வால்விலும், வெளிப்புற ஷவரிலும் தண்ணீர் தங்கியே இருக்கும். குளிர் முடிந்து முதல்முறை தண்ணீர் விடும்போது ஒழுகுவதும் பெரும்பாலும் இந்த இடங்கள்தாம். தொட்டி கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால் எல்லாருடைய கவனமும் அதன்மேல் போகிறது. உண்மையில் இந்த அமைப்பிலேயே கடைசியாக உறையக்கூடிய உறுப்பு அதுதான்.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. பனி விரிந்து பைப்பைப் பிளக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். நடப்பது சற்று வேறு. பைப்பின் ஏதோ ஓரிடத்தில் முதலில் ஒரு பனியடைப்பு உண்டாகிறது. அந்த அடைப்பு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் இடையே சிக்கிக்கொண்ட, இன்னும் உறையாத தண்ணீரை அது நெருக்குகிறது. போக்கிடமே இல்லாமல் அடைபட்ட தண்ணீரை மைனஸ் 10 டிகிரியில் உறையாமல் வைத்திருக்க 1,000 பாருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் அளவு) கூடுதலான அழுத்தம் வேண்டும். டிரெய்லர்களில் காணப்படும், வளையக்கூடிய பிளாஸ்டிக்கான பெக்ஸ் பைப்போ சாதாரண வெப்பநிலையில் சுமார் 11 பார் அழுத்தத்துக்கென மதிப்பிடப்பட்டது. ஆகவேதான் உறைந்த இடத்திலிருந்து தள்ளி, பனியே இல்லாத ஒரு பிளாஸ்டிக் எல்போ (வளைவு இணைப்பு) விரிசல் விடுகிறது. பெக்ஸ் பைப் ஓரளவு விரிந்து கொடுத்துவிட்டு மறுபடியும் பழைய வடிவுக்குத் திரும்பக்கூடியது என்பது உண்மைதான். அதை நம்பி "என் வண்டியில் பெக்ஸ்தானே, உறைந்தாலும் ஒன்றும் ஆகாது" என்று இருந்துவிடுபவர்கள், அந்தப் பைப்பின் இரு முனைகளிலும் உள்ள இணைப்புகளும் வால்வுகளும் பம்பும் பெக்ஸால் ஆனவை அல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள்.

குழாயைத் திறந்து வைப்பதன் பயனும் அதன் எல்லையும் இதிலிருந்தே விளங்கும். திறந்த குழாய் நெருக்கப்படும் தண்ணீருக்கு ஒரு வழி விடுகிறது. ஆனால் ஒருவழி வால்வுக்குப் பின்னாலோ, இரண்டு அடைப்புகளுக்கு நடுவிலோ, பம்பின் அறைகளுக்குள்ளோ நிற்கும் தண்ணீருக்கு அந்த வழி எட்டாது.

பைப்புகள் ஏன் முதலில் உறைகின்றன என்பதற்கு ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ தண்ணீர் சுழியம் டிகிரியில் பனிக்கட்டியாக மாற, அது 334 கிலோஜூல் வெப்பத்தை இழந்தாக வேண்டும். 150 லிட்டர் தொட்டி முழுவதும் உறைய வேண்டுமானால் சுமார் 14 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வெளியேற வேண்டும். ஒரே இரவில் அவ்வளவும் போய்விடாது. அரை அங்குல பெக்ஸ் பைப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இருப்பதோ 120 மில்லிலிட்டர் அளவுக்குத்தான். அது உறைய 40 கிலோஜூல் இழந்தால் போதும், அதாவது ஒரு 60 வாட் பல்பு பதினொரு நிமிடத்தில் வெளியிடும் வெப்பம். தொட்டி நிறையத் தண்ணீர் திரவமாக இருக்கும்போதே, அதிலிருந்து கிளம்பும் மெல்லிய பைப் கல்லாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். பைப்பைச் சுற்றி நுரை உறை போடுவது இந்த இழப்பைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. உள்ளே வெப்பம் தரும் மூலம் ஒன்று இல்லாதபோது, உறை போட்ட பைப்பும் சில மணி நேரம் கழித்து அதே கதிக்குத்தான் வந்து சேரும்.

எந்த வெப்பநிலையில் கவலைப்படத் தொடங்க வேண்டும் என்றும் பலர் கேட்பார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990களில் வீட்டு பைப்புகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்றிலிருந்து, வெளி வெப்பநிலை மைனஸ் 7 டிகிரியை நெருங்கும்போது எச்சரிக்கை தேவை என்ற கணக்கு பரவலாக எடுத்தாளப்படுகிறது. அது சூடேற்றப்பட்ட வீட்டின் மேற்தளத்தில், காப்பு உறை இல்லாமல் ஓடும் பைப்புக்கான எண். ஆளில்லாமல், மெல்லிய சுவருடன், நாற்புறமும் காற்றடிக்க நிற்கும் டிரெய்லருக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது தவறு. இரவு முழுவதும் சுழியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி நீடிக்கும் என்று வானிலை அறிவிப்பு சொல்லுமுன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. காற்று பலமாக வீசினால் பைப் காற்றின் வெப்பநிலைக்கு விரைவில் வந்துவிடும். அதற்குக் கீழே போகாது. ஆகவே வானிலை அறிவிப்பில் "உணரப்படும் குளிர்" என்று வரும் எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை, உண்மையான வெப்பநிலையைப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் வாட்டர் ஹீட்டரின் எரிவாயு, மின்சாரம் இரண்டையும் நிறுத்திவிட்டு அது நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். மின்சார ஸ்விட்ச்சின்மேல் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டிவைப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். காலியான ஹீட்டரில் மின்சாரம் பாய்ந்தால் அதன் வெப்பக்கம்பி மிகக் குறுகிய நேரத்தில் கருகிவிடும் என்பதால் நான் இன்றும் ஒட்டுகிறேன். ஆறிய பிறகு வெளிப்புறத் தண்ணீர் இணைப்பைக் கழற்றி, பம்பை நிறுத்தி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஹீட்டரின் அடிமூடியைக் கழற்ற வேண்டும். அழுத்தத்துடன் கழற்றினால் மூடி முகத்தை நோக்கிப் பாயும். மேலேயுள்ள பாதுகாப்பு வால்வைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போய்த் தண்ணீர் வேகமாக வடியும்.

டிரெய்லர் ஹீட்டர்கள் பெரும்பாலும் 23 அல்லது 38 லிட்டர் கொள்ளளவு உடையவை. எஃகுத் தொட்டி உள்ளவற்றில் அந்த அடிமூடியோடு சேர்ந்து ஆனோடு தண்டு ஒன்று வெளியே வரும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பது அதன் வேலை. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். அலுமினியத் தொட்டி உள்ளவற்றில் வெறும் பிளாஸ்டிக் மூடிதான் இருக்கும். உறுதியாக இருக்கட்டும் என்று அதற்குப் பதிலாக உலோக மூடியையோ ஆனோடு தண்டையோ போட வேண்டாம். வடிந்த பிறகு ஹீட்டரின் அடியில் ஓரிரு லிட்டர் தண்ணீர் மிஞ்சும். விரிவதற்கு அதன்மேல் ஏராளமான இடம் இருப்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்து நன்னீர்த் தொட்டியின் வடிகாலைத் திறந்துவிடுங்கள். டிரெய்லரின் அடியில், பைப்புகளின் தாழ்வான இடத்தில், பெரும்பாலும் சிவப்பும் நீலமுமாக இரண்டு தாழ்முனை வடிகால்கள் தொங்கும்; அவற்றையும் திறந்து, உள்ளே எல்லாக் குழாய்களையும் வெந்நீர், தண்ணீர் இரண்டு பக்கமும் திறந்து வையுங்கள். தண்ணீர் வடிகட்டி இருந்தால் அதன் உள்ளுறையை எடுத்துவிட்டு, வெற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வடித்து மீண்டும் பூட்டுங்கள். ஊறிய உள்ளுறையை அப்படியே விட்டால் அது உறைந்து கிண்ணத்தையும் பிளந்துவிடும். பின்னர் செலுத்தும் ஆன்டிஃப்ரீஸ் எனப்படும் உறைதடுப்புத் திரவம் பாய்ந்தாலோ உள்ளுறை பாழாகிவிடும். பம்பை அரை நிமிடம் ஓட்டி அதற்குள் இருப்பதை வெளியேற்றி நிறுத்துங்கள். தொட்டியின் அடியில் தேங்கும் ஒரு சிறு குட்டை, ஹீட்டரில் உள்ளதைப் போலவே, தீங்கற்றது.

இந்தக் கட்டத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார் காற்றழுத்தத்தால் ஊதி வெளியேற்றுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். மறு சாரார் ஊதாமலே ஆன்டிஃப்ரீஸை நிரப்புவார்கள். இரண்டுக்கும் நேர்மையான ஆதரவாளர்கள் உண்டு. ஊதும் முறையில் செலவில்லை, வசந்தத்தில் கழுவும் வேலையும் இல்லை, ஆனால் தாழ்ந்த வளைவுகளில் காற்று தண்ணீரின்மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். காற்று நின்றதும் சுவர்களில் ஒட்டியிருந்த துளிகள் மீண்டும் ஒன்றுகூடி அந்த வளைவிலேயே தேங்கும். நிரப்பும் முறையில் ஒவ்வொரு மூலையும் காக்கப்படும், ஆனால் பைப்பில் நின்ற தண்ணீர் திரவத்தோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். உங்கள் டிரெய்லர் மைனஸ் 10 டிகிரியில் மாதக்கணக்கில் நிற்கப்போகிறது, அதன் பைப்புகள் எங்கெல்லாம் வளைந்து போகின்றன என்பதும் உங்களுக்கு இன்னும் தெரியாது. ஆகவே முதலில் ஊதி, பிறகு நிரப்புங்கள் என்பதே என் பரிந்துரை. கூடுதலாகச் செலவாகும் ஒரு மணி நேரத்துக்கு இது தகும்.

ஊதுவதற்குத் தண்ணீர் உள்நுழையும் வாயில் பொருந்தும் ஓர் இணைப்பான் கிடைக்கும். கம்ப்ரஸரின் அழுத்தத்தை 2 முதல் 3 பாருக்குள் (30 முதல் 45 பி.எஸ்.ஐ.) கட்டுப்படுத்துங்கள், டிரெய்லரின் பம்பு தரும் அழுத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான், அதைத் தாண்டினால் எதைக் காக்க நினைத்தோமோ அதை நாமே உடைப்போம். வேலையைச் செய்வது அழுத்தத்தைவிடக் காற்றின் அளவுதான். டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு அழுத்தம் காட்டும், ஆனால் அதன் காற்றோட்டம் மிகக் குறைவு என்பதால் தண்ணீரைத் தள்ளாது. காற்றைச் சேமித்து வைக்கும் கலன் உள்ள கம்ப்ரஸரே உகந்தது. இணைப்பதற்கு முன் வடிகால்களையும் ஹீட்டரின் மூடியையும் அடைத்து, ஹீட்டரை பைபாஸ் நிலையில் (அதற்குள் போகாமல் சுற்றிச் செல்லும்படி வால்வுகளைத் திருப்பி) வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு குழாயை மட்டும் திறந்து, சீறலோடு வரும் தூவானம் வெறும் காற்றாகும்வரை விடுங்கள். எல்லாவற்றையும் ஒரு சுற்று முடித்த பிறகு பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் ஒரு சுற்று செய்யுங்கள். அந்த இடைவெளியில் தேங்கிய தண்ணீர் இரண்டாம் சுற்றில் வெளியே வருவதைப் பார்த்தால் ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பது புரியும்.

ஆன்டிஃப்ரீஸ் வாங்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். வாகன எஞ்சினுக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு, குடிதண்ணீர் ஓடும் பைப்பில் ஒரு துளியும் படக் கூடாது. உங்களுக்கு வேண்டியது குடிநீர் அமைப்புகளுக்கென விற்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் கலவை. பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் லேபிளைப் படியுங்கள், ஏனெனில் எத்தனால் கலந்த மலிவான வகைகளும் அதே நிறத்தில் கிடைக்கின்றன. அவை தீப்பற்றக்கூடியவை, ரப்பர் சீல்களையும் காயவைக்கும்.

இரண்டாவது விஷயம், புட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மைனஸ் 46 டிகிரி என்ற எண். அந்தத் திரவம் மைனஸ் 46 வரை உறையாது என்றுதான் எல்லாரும் படிக்கிறார்கள். அது பைப் வெடிக்காமல் காக்கும் எல்லை. திரவம் மைனஸ் 11 அல்லது 12 டிகிரி வாக்கிலேயே குழையத் தொடங்கி, அரைத்த பனிக்கூழ் போல ஆகிவிடும். கூழ் நகர்ந்து கொடுக்கும், கெட்டியாகி நெருக்காது, ஆகவே பைப் பிழைக்கும். இந்தப் பாதுகாப்பெல்லாம் திரவம் நீர்க்காமல் இருந்தால்தான். பைப்பில் மிஞ்சிய தண்ணீரோடு சரிபாதி கலந்துவிட்டால் மைனஸ் 5 டிகிரிக்கு அருகிலேயே பனி தோன்றத் தொடங்கும், வெடிப்புக்கு எதிரான காப்பும் அதற்கேற்பக் குன்றும். சந்தேகமிருந்தால் தொலைவிலுள்ள குழாயிலிருந்து வந்த திரவத்தில் அரைக் குவளை பிடித்து, வீட்டு ஃபிரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கரண்டி இறங்கும் கூழாக இருந்தால் சரி; கல்லாக இறுகியிருந்தால் இன்னும் திரவம் செலுத்த வேண்டும்.

செலுத்தும் முறை எளிது. பல டிரெய்லர்களில் பம்புக்கு அருகே ஒரு வால்வும் உறிஞ்சுவதற்கான சிறு ஹோஸும் இருக்கும். ஹோஸின் முனையைப் புட்டிக்குள் விட்டு வால்வைத் திருப்பினால் பம்பு தொட்டிக்குப் பதிலாகப் புட்டியிலிருந்து இழுக்கும். அந்த அமைப்பு இல்லையென்றால் பம்பின் நுழைவுப் பக்கத்தைக் கழற்றி ஒரு ஹோஸைப் பொருத்திக்கொள்ளலாம். நன்னீர்த் தொட்டியிலேயே திரவத்தை ஊற்றுவது வீண்செலவு, அதன் சுவையும் வெகுநாள் போகாது. ஹீட்டரின் பைபாஸ் வால்வுகள் சரியான நிலையில் உள்ளனவா என்பதை இன்னொரு முறை பாருங்கள். அவற்றில் ஒன்று தவறாக இருந்தால்கூட 8 முதல் 12 லிட்டரில் முடிய வேண்டிய வேலை, ஹீட்டரின் வயிறு நிறையும்வரை திரவத்தைக் குடித்துக்கொண்டே போகும். தொட்டியில்லாத உடனடி ஹீட்டராக இருந்தால் அதன் கையேடு சொல்லும் முறையை மட்டுமே பின்பற்றுங்கள், ஏனெனில் அவை ஒன்றுக்கொன்று வேறுபடும்.

பிறகு ஒவ்வொரு குழாயாக, வெந்நீர்ப் பக்கத்தைத் தனியாகவும் தண்ணீர்ப் பக்கத்தைத் தனியாகவும் திறந்து, இளஞ்சிவப்பு நிறம் வெளிறாமல் அடர்த்தியாக வரும்வரை விட வேண்டும். அருகிலிருந்து தொடங்குவதா தொலைவிலிருந்தா என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எந்த வரிசையில் செய்தாலும் ஒன்றையும் விட்டுவிடாமல் இருப்பதே முக்கியம்.

விட்டுப்போகும் இடங்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெளிப்புற ஷவர். என் முதல் குளிர்காலத்தில் உள்ளே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, பக்கவாட்டுச் சுவரில் பூட்டிய சிறு கதவுக்குப் பின்னால் ஷவர் ஒன்று இருப்பதையே மறந்துபோனேன். மார்ச்சில் பம்பை ஓட்டியபோது சுவருக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து, தரைப்பலகை உப்பிய பிறகுதான் அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். ஷவரின் உடலில் ஒரு மயிரிழை விரிசல், அவ்வளவே. அதேபோல் கழிப்பறையின் மிதிகட்டையை மிதித்து நிறம் வரும்வரை பிடித்திருங்கள். பக்கத்தில் கைத்தெளிப்பான் இருந்தால் அதையும் அழுத்துங்கள். துணி துவைக்கும் இயந்திரமோ பாத்திரம் கழுவும் இயந்திரமோ பனிக்கட்டி செய்யும் ஃபிரிட்ஜோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வால்வும் தனி முறையும் உண்டு.

தண்ணீர் உள்நுழையும் வாயில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது. ஊதாமல் பம்பால் மட்டும் நிரப்பியிருந்தால் அந்த வாய்க்கும் பிரதான பைப்புக்கும் இடைப்பட்ட துண்டில் வெறும் தண்ணீரே நிற்கும். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தத்தைத் தணித்த பின், வாயிலுள்ள சல்லடையை எடுத்துவிட்டு வால்வின் நடுமுள்ளை மெல்ல அழுத்தினால் அங்கேயும் இளஞ்சிவப்பு வந்துசேரும். கழிவறைத் தொட்டியைக் கழுவ வெளியே தனி நுழைவாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மற்ற பைப்புகளோடு சேராத தனிப்பாதை என்பதால் பம்பு அதைத் தொடாது. காற்றால்தான் ஊத வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் இப்படியொரு வாய் இருப்பதையே பல சமயம் அறிவதில்லை.

கழிவுநீர்ப் பக்கம் விரைவாக முடியும். கழுவுநீர்த் தொட்டியையும் கழிவறைத் தொட்டியையும் காலி செய்து அலசி, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றினால் வெளியேற்றும் தள்ளுவால்வு காக்கப்படும். சிங்க், ஷவர் ஆகியவற்றின் கீழே தண்ணீர் தேங்கி வாடையைத் தடுக்கும் பி-டிராப் வளைவுகளில் தலா அரை லிட்டர் ஊற்றுங்கள். கழிப்பறைக் கிண்ணத்திலும் சிறிது நிற்கட்டும், சீல் காயாமல் இருக்கும்.

இனி, குளிர்காலத்தின் நடுவே ஓரிரு முறை போகும் எண்ணம். அதற்காக மொத்த அமைப்பையும் கழுவி, பயன்படுத்தி, திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து செய்வது என் பார்வையில் தேவையற்ற உழைப்பு. பைப்புகளை இளஞ்சிவப்பாகவே விட்டுவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் தண்ணீர் எடுத்துப் போங்கள். கழிப்பறைக்கு ஒரு குடுவையால் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் சிறிது ஆன்டிஃப்ரீஸையும் சேர்த்துவிடுங்கள். திரும்பியதும் கழிவுத் தொட்டிகளை மட்டும் காலி செய்து, புதிதாகத் திரவம் ஊற்றினால் போதும்.

அப்படியன்றி, உள்ளே குழாய்த் தண்ணீரோடுதான் தங்குவேன் என்றால், வெப்பம் எங்கே போகிறது என்று அறிந்திருக்க வேண்டும். மூடிய அடிப்பாகம் உள்ள டிரெய்லர்களில் எரிவாயு ஹீட்டரின் சூடான காற்றில் ஒரு பங்கு, தொட்டிகளும் பைப்புகளும் இருக்கும் அந்த அடிப்பகுதிக்கும் குழல் வழியாகப் போகும்படி அமைத்திருப்பார்கள். எரிவாயுவை மிச்சம் பிடிக்கலாம் என்று உள்ளே ஒரு மின்சார ஹீட்டரை வைக்கிறோம். அறை இதமாகிறது, தெர்மோஸ்டாட் திருப்தியடைந்து எரிவாயு ஹீட்டரை இயக்காமல் விடுகிறது, காலடியில் பைப்புகள் உறைகின்றன. உள்ளே சட்டையோடு உட்கார்ந்திருப்பவருக்கு இது காலையில் குழாயைத் திறக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே எரிவாயு ஹீட்டர் ஓடியாக வேண்டும். மின்சார ஹீட்டர் அதற்குத் துணையாக இருக்கலாம், மாற்றாகாது. கம்பியில்லா வெப்பமானி ஒன்றின் உணரியை அடிப்பகுதியில் வைத்து, காட்டியை உள்ளே வைத்துக்கொண்டால் ஊகத்துக்கு இடமிருக்காது. இரவில் சிங்க்கின் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். வெளியிலிருந்து வரும் ஹோஸ் சூடேற்றும் வகையாக இல்லையென்றால், பகலில் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஹோஸை வடித்துச் சுருட்டிவிடுங்கள். கழுவுநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்கும் பழக்கத்தையும் குளிரில் விட்டுவிட வேண்டும். சொட்டுச் சொட்டாக ஓடும் தண்ணீர் வெளியேற்றும் ஹோஸில் படலம் படலமாக உறைந்து அதை அடைத்துவிடும். சேர்த்து வைத்து ஒரே மூச்சில் திறந்துவிடுவதே சரி.

எரிவாயு உருளையில் இருப்பது எது என்பதும் இங்கே முக்கியம். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிப்பதால் உங்கள் குளிரில் தாராளமாக ஆவியாகும். பியூட்டேனின் கொதிநிலை சுழியத்துக்குச் சற்றே கீழே என்பதால் பியூட்டேன் மிகுந்த கலவை, உருளையில் திரவம் இருந்தும் ஹீட்டருக்கு வாயு தராது. அந்த நிலையிலும் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்க முயல வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

எல்லாம் செய்தும் ஒரு காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், முதலில் பம்பை நிறுத்தி, அந்தக் குழாயைத் திறந்து வையுங்கள். முடி உலர்த்தும் கருவியையோ சிறு மின்விசிறி ஹீட்டரையோ கொண்டு, திறந்த குழாயின் பக்கத்திலிருந்து அடைப்பை நோக்கி மெதுவாகச் சூடேற்றிக்கொண்டு போங்கள். உருகும் தண்ணீருக்கு அப்போதுதான் வழி இருக்கும். தீச்சுடரை எந்தப் பைப்பின் அருகிலும் கொண்டுபோகாதீர்கள். பனி தானே விரிசலுக்கு அடைப்பாகவும் இருக்கும் என்பதால், உருகிய பிறகுதான் கசிவு தொடங்கும். பம்பை மறுபடி ஓட்டும்போது ஒருவர் கையில் விளக்கோடு அலமாரிகளுக்குள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குளிர் விலகியதும் பைபாஸ் நிலையிலேயே எல்லாக் குழாய்களிலும் நல்ல தண்ணீரை விட்டு, நிறமும் நுரையும் மறையும்வரை அலசுங்கள். பின்னர் ஹீட்டரைப் பாதையில் சேர்த்து நிரப்புங்கள். வெந்நீர்க் குழாயில் இடைவிடாமல் தண்ணீர் வரும்வரை அதன் மின்சாரத்தைத் தொட வேண்டாம். கிருமிநீக்கத்துக்கு வாசனை சேர்க்காத, 5 விழுக்காட்டுச் செறிவுள்ள பிளீச்சிங் திரவத்தை லிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் கணக்கில், 150 லிட்டர் தொட்டிக்கு 150 மில்லிலிட்டர், கலந்து எல்லாக் குழாய்களிலும் வரவழைத்து நான்கு மணி நேரம் நிறுத்தி, பிறகு வாடை போகும்வரை அலசிவிடுங்கள். வடிகட்டியின் புதிய உள்ளுறையை இதற்குப் பிறகே போட வேண்டும்.

கடைசியாக, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பம்பை மட்டும் இயக்கத்தில் விட்டு அரை மணி நேரம் உள்ளே சத்தமில்லாமல் உட்காருங்கள். அழுத்தம் ஏறியதும் பம்பு நின்றுவிட வேண்டும், நின்றபடியே இருக்க வேண்டும். யாரும் குழாயைத் தொடாமலே பத்து நிமிடத்துக்கொருமுறை அது ஒரு கணம் உறுமி அடங்கினால் எங்கோ கசிகிறது. என் அனுபவத்தை வைத்துச் சொல்வதானால், வெளிப்புற ஷவரின் கதவை முதலில் திறந்து பாருங்கள்.